லைட் எரியுதா சார்? – அறுந்த கம்பியைத் தேடிய கதை



கோட்டையைப் பற்றி எழுதுங்கள் சார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நம் செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து கேட்காதவர்கள் இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன். இன்று ஒரு கம்பியின் கதை. கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

என் கம்ப்யூட்டர் மாடி அறையில் இருக்கிறது. இன்டர்நெட் மோடம் கீழே கூடத்தில். பழைய வீடு, தடித்த சுவர். வைஃபை மாடிக்கு ஏறாது. அதனால் கூடத்திலிருந்து ஜன்னல் வழியாக ஒரு லேன் கேபிள் வெளியே போய், சுவரோரமாக ஏறி, மாடி ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. போன வாரம் ஒரு காலை அந்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இல்லை. கீழே போனில் நன்றாக வருகிறது. மேலே திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி.

நான் செய்தவற்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். மோடத்தை இரண்டு முறை அணைத்தேன். யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு ஏதோ ஒரு டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இருந்த அமைப்புகளையெல்லாம் மாற்றினேன். மதியம் ஆகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. எதை மாற்றினேன் என்பதும் மறந்துவிட்டது.

கடைசியில் உங்களில் ஒருவனுக்குப் போன் செய்தேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நெட்வொர்க் வேலை செய்கிறவன். முழுக்கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

“சார், கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கேபிள் சொருகுற இடத்துல ஒரு சின்ன லைட் இருக்கும். எரியுதா?”

குனிந்து பார்த்தேன். எரியவில்லை.

“அப்ப கம்ப்யூட்டருக்குள்ள எதையும் தொடாதீங்க சார். சாயங்காலம் வர்றேன்.”

இத்தனை நேரம் நான் தேடியது தவறான இடத்தில் என்று அந்த ஒரு கேள்வி சொல்லிவிட்டது. அந்தக் குட்டி விளக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்க அது 180 வருடக் கதையாக நீண்டது.

இந்தியாவில் கம்பி வழியாகச் செய்தி அனுப்ப முதலில் முயன்றவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர். வில்லியம் புரூக் ஓ’ஷாக்னசி, அயர்லாந்துக்காரர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். 1839-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் மூங்கில்களை நட்டு, சுமார் 20 மைல் நீளக் கம்பியை முன்னும் பின்னுமாகக் கட்டி அதில் மின்சாரத்தை அனுப்பிப் பார்த்தார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பதினோரு வருடம் கழித்து, டல்ஹௌசி காலத்தில்தான் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்கு லைன் போடும் வேலை அவரிடம் வந்தது. 1855 பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் ஒரே கம்பியில் இணைந்திருந்தன.

ஓ’ஷாக்னசி ஐரோப்பாவைப் போல மெல்லிய கம்பி போடவில்லை. கிட்டத்தட்ட சுண்டுவிரல் பருமன் உள்ள இரும்புக் கம்பியைத் தேர்ந்தெடுத்தார். புயலைத் தாங்க வேண்டும் என்பது ஒரு காரணம். பருந்துகளும் குரங்குகளும் அதில் உட்காரும், ஊஞ்சலாடும் என்பது இன்னொன்று. செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோட்டைக் குரங்குகள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியையே கழற்றுகின்றன. கம்பி பழுதாகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, எதனால் பழுதாகும் என்று சுற்றிலும் பார்த்துத் திட்டம் போட்டவர் அவர். பழுது பார்ப்பதில் இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கடலில் கிடைத்தது. அதைக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு டாக்டர்தான். ஆனால் நேர் எதிரான முறையில்.

1858-இல் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கேபிள் போட்டார்கள். ஆகஸ்ட் 16 அன்று விக்டோரியா மகாராணியின் வாழ்த்துச் செய்தி போனது. 98 சொற்கள். போய்ச் சேர சுமார் 16 மணி நேரம். அவ்வளவு பலவீனமான சிக்னல். கேபிளின் மின்சாரப் பொறுப்பில் இருந்தவர் வைல்ட்மன் வொயிட்ஹவுஸ் என்ற அறுவை மருத்துவர். சிக்னல் பலவீனமா, அழுத்தத்தைக் கூட்டு என்பது அவர் எண்ணம். பெரிய தூண்டு சுருள்களை வைத்து சுமார் 2,000 வோல்ட் வரை கொடுத்தார். தயாரிப்பிலேயே குறைகள் இருந்த கேபிள் அது. உறையில் பலவீனமான இடங்களில் மின்சாரம் கடலுக்குள் கசிந்தது. அழுத்தம் கூடக் கூட ஓட்டை பெரிதானது. மூன்று வாரத்துக்குள் கேபிள் ஒரேயடியாக ஊமையாகிவிட்டது.

அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே அது ஒரு வேலை செய்தது. இந்தியாவில் 1857 கிளர்ச்சி ஓய்ந்துகொண்டிருந்ததால், கனடாவிலிருந்த இரண்டு ராணுவப் பிரிவுகள் கப்பலேற வேண்டாம் என்று லண்டனிலிருந்து செய்தி போனது. அதில் மிச்சமான பணம் 50,000 பவுண்டு என்று சொல்வார்கள். ஒரு கம்பி வேலை செய்தால் என்ன லாபம் என்பதும், செய்யாவிட்டால் என்ன நஷ்டம் என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. அடுத்து இந்தியாவுக்காக சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்கு 1859–60-இல் போட்ட செங்கடல் கேபிளும் தோற்றது. அதற்கு உத்தரவாதம் கொடுத்திருந்த பிரிட்டிஷ் அரசு, வேலை செய்யாத கேபிளுக்காகப் பல வருடங்கள் பணம் கட்டியது.

அதே அட்லாண்டிக் கேபிளில் இன்னொரு மனிதர் இருந்தார். கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. வெப்பநிலை அலகில் பெயர் படித்திருக்கிறீர்களே, அவரேதான். சிக்னல் பலவீனமாக இருந்தால் அனுப்புகிறவர் கத்த வேண்டியதில்லை, கேட்கிறவர் காதைக் கூர்மையாக்க வேண்டும் என்றார் அவர். அதற்காக ஒரு சின்னக் கண்ணாடியும் காந்தமும் வைத்த கால்வனோமீட்டரை உருவாக்கினார். மிக நுண்ணிய மின்னோட்டத்துக்கும் அந்தக் கண்ணாடி அசையும், சுவரில் ஒளிப்புள்ளி நகரும். 

இந்தத் தோல்விகளை விசாரித்த குழுவின் அறிக்கை 1861-இல் வந்தது. கேபிளைத் தயாரிக்கும்போதும், கப்பலில் ஏற்றும்போதும், கடலில் இறக்கும்போதும் இடைவிடாமல் அளக்க வேண்டும் என்ற வழக்கம் அதன்பிறகு உறுதிப்பட்டது. மின்தடைக்குப் பொதுவான அலகு வேண்டும் என்ற தேவையும் இந்தக் காலத்தில்தான் தீவிரமானது. நாம் ‘ஓம்’ என்று எழுதுகிறோமே, அந்த அலகு நிலைபெற்றதில் கடலுக்கடியில் செத்துப்போன கேபிள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அளக்கத் தெரிந்த பிறகு கேபிள்கள் நிலைத்தன. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடல் கேபிள் போய்விட்டது. இன்று உங்களில் சிலர் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் பேசுகிறீர்கள். 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் போட்ட சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழைக் கேபிள் அந்தப் பழைய பாதையின் பேரப்பிள்ளைதான்.

சரி, அளந்தால் பழுது எந்த இடத்தில் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் என்னிடம் பிளஸ் டூ படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். உங்களில் பலருக்குப் பிடிக்காத மீட்டர் பிரிட்ஜ் வருகிறது.

வீட்ஸ்டன் பிரிட்ஜை 1833-இல் முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. 1843-இல் பிரபலமாக்கியவர் வீட்ஸ்டன். தந்திப் பொறியாளர்கள் அதை மர்ரே சோதனை, வார்லி சோதனை என்று பழுது தேடும் கருவியாக மாற்றினார்கள். செஞ்சியிலிருந்து 10 கி.மீ. தூரத்துக்கு ஒரு கம்பி போகிறது என்று வையுங்கள். வழியில் எங்கோ உறை கிழிந்து மண்ணைத் தொடுகிறது. எங்கே என்று தெரியாது. பக்கத்தில் அதே பருமனில் ஒரு நல்ல கம்பியும் போகிறது. மறுமுனையில் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். இப்போது உங்கள் கையில் 20 கி.மீ. நீளமுள்ள ஒரு வளையம். அதன் இரண்டு முனைகளையும் மீட்டர் பிரிட்ஜின் 100 செ.மீ. கம்பியின் இரண்டு முனைகளில் கட்டுங்கள். அதே இரண்டு முனைகளுக்கு நடுவே கால்வனோமீட்டர். பேட்டரியின் ஒரு முனை ஜாக்கிக்கு, மறுமுனை மண்ணுக்கு. ஜாக்கியை நகர்த்துங்கள். பழுதான கம்பியின் பக்கத்திலிருந்து 15 செ.மீ.-இல் முள் பூஜ்ஜியத்துக்கு வந்தால், 20 கி.மீ.-இல் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 3 கி.மீ. நேராக அந்த இடத்துக்குப் போய்த் தோண்டலாம்.

மண்ணைத் தொடும் இடத்தில் ஈரம் கூடலாம், குறையலாம். அந்தத் தடை எவ்வளவு என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அது பேட்டரி பக்கத்தில் போய்விடுவதால் சமநிலையைப் பாதிக்காது. அறையில் உட்கார்ந்தபடியே, கண்ணுக்குத் தெரியாத மண்ணுக்கடியில் கை வைத்து இந்த இடம் என்று சொல்லலாம். “இது எதுக்கு சார் உதவும்?” என்று ஒரு வருடம் வகுப்பில் கேட்டார்கள். “பரீட்சைக்கு உதவும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். அந்தப் பதிலை இன்று திருத்திக்கொள்கிறேன்.

தந்திக்குப் பின் வந்த தொலைபேசியில் லைன்மேன்கள் இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். 198-க்கு போன் செய்து லைன் டெட் என்று புகார் கொடுத்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எக்ஸ்சேஞ்சில் முதலில் நம் லைனைக் கழற்றி, பழுது உள்ளேயா வெளியேயா என்று பார்ப்பார்கள். வெளியே என்றால் லைன்மேன் இடையில் இருக்கும் பெட்டியைத் திறந்து, தன் கையிலுள்ள போனை மாட்டிக் கேட்பார். அதுவரை சத்தம் வந்தால் பழுது நம் வீட்டுப் பக்கம். வராவிட்டால் எக்ஸ்சேஞ்ச் பக்கம். பாதிக்குப் பாதியாகக் குறைப்பது. சந்தேகப்படும் இடங்கள் 64 இருந்தாலும், ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டினால் 6 சோதனையில் ஒன்றே ஒன்று மிஞ்சும். வரிசையாக ஒவ்வொன்றாகப் பார்த்தால் 63 வரை போகலாம்.

இப்போது நம் லேன் கேபிளுக்கு வருவோம். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பாப் மெட்கால்ஃப் 1973 மே 22 அன்று எழுதிய ஒரு குறிப்பில்தான் ஈதர்நெட் பிறந்தது. டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அதைச் செய்துகாட்டினார். ஒளி பரவ ‘ஈதர்’ என்ற ஊடகம் இருப்பதாக ஒரு காலத்தில் நம்பினார்களே, அதன் பெயர்தான். அப்போதைய கேபிள், டிவி கேபிள் மாதிரி உருண்டையான ஒன்று. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே கேபிளில் வரிசையாகத் தொங்கும். இரண்டு முனைகளிலும் 50 ஓம் தடை மாட்டியிருக்கும். மாட்டாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

அதில் ஒரு பெரிய தொல்லை. எங்கேயாவது ஒருவர் கால் பட்டு ஒரு இணைப்பு தளர்ந்தால் அறையிலுள்ள அத்தனை கம்ப்யூட்டரும் நின்றுவிடும். யாருடைய மேஜையில் பழுது என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. அப்போதும் லைன்மேன் வழிதான் கைகொடுத்தது. முனையிலுள்ள 50 ஓம் தடையைக் கழற்றி நடுவில் மாட்டுவார்கள். எந்தப் பாதி வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள்.

இந்தத் தொல்லைக்கு விடைதான் இன்று நம் வீட்டிலுள்ள எட்டுக் கம்பி லேன் கேபிள். 1990-இல் 10பேஸ்-டி என்ற தரம் வந்தது. இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிகள். முறுக்கினால் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் ஒட்டாது என்பதை கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை செய்திருந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனிக் கேபிளில் நடுவிலுள்ள ஒரு பெட்டிக்குப் போகும். ஒன்று அறுந்தால் அது மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். அதோடு இன்னொன்றும் சேர்த்தார்கள். அனுப்ப எந்தச் செய்தியும் இல்லாதபோதும் இரண்டு பக்கமும் சுமார் 16 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு துடிப்பு அனுப்பும். அது வந்துகொண்டிருந்தால் விளக்கு எரியும். நின்றால் அணையும்.

அந்த விளக்கைத்தான் அவன் கேட்டான். அது எரியாவிட்டால் பழுது பிளக்கில், கேபிளில், அது போய்ச் சேரும் இடத்தில். விளக்கு எரிந்தும் இன்டர்நெட் வராவிட்டால்தான் மேலே போக வேண்டும். அந்த வரிசையையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் உதவும்.

கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், மோடத்திடம் முகவரி கேட்டுப் பதில் வராமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி சரியாக இருந்தால் ‘பிங்’ கொடுத்துப் பாருங்கள். மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியிலிருந்து வந்த பெயர். முதலில் 127.0.0.1, அது கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிடுவது. பிறகு மோடத்தின் முகவரி. பிறகு வெளியுலகில் ஒரு முகவரி. எதுவரை பதில் வருகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெளி முகவரிக்குப் பதில் வந்து, இணையதளப் பெயர் அடித்தால் மட்டும் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில் பழுது. லைன்மேன் பெட்டி பெட்டியாகக் கேட்டதும் இதுவும் ஒன்றுதான்.

மாலையில் அவன் வந்தான். கையில் ஒரு சின்ன கேபிள் டெஸ்டர். முதலில், தான் கொண்டுவந்த கேபிளைக் கூடத்திலேயே மோடத்தில் மாட்டித் தன் லேப்டாப்பில் பார்த்தான். விளக்கு எரிந்தது. மோடம் தப்பித்தது. அந்த லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய் என் கேபிளில் மாட்டினான். எரியவில்லை. என் கம்ப்யூட்டரும் தப்பித்தது. டெஸ்டரின் இரண்டு பாதிகளையும் கேபிளின் இரண்டு முனைகளில் மாட்டினான். 1, 2, 3, 4, 5 எரிந்தன. 6 எரியவில்லை. 7, 8 எரிந்தன. மாடி ஜன்னல் ஓரம் பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்தான். 6 எரிந்தது. விட்டான், அணைந்தது. வெளியே கேபிளைக் குரங்கு இழுத்திருக்கிறது. பிளக்கினுள் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று கிரிம்ப் செய்தான். மொத்தம் பத்து நிமிடம்.

காபி குடிக்கும்போது கேட்டேன், “இவ்வளவு தெளிவா இருக்கியே, வகுப்புல மட்டும் ஏன்டா வாயே திறக்க மாட்ட?”

இவனை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பேன். பேசாமல் நிற்பான். குரலை உயர்த்துவேன். இன்னும் பேச மாட்டான். இன்னும் உயர்த்துவேன். ஒருநாள் பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவனுக்கும் இருக்கும்.

தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எல்லாம் புரியாம இல்ல சார். நடுவுல எங்கயோ விட்டுப்போச்சு. எந்த இடத்துலன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

எனக்குப் பதில் வரவில்லை. பாடத்தில் ஒவ்வொரு படியாகப் பின்னால் போய், இது புரிகிறதா, இது புரிகிறதா என்று கேட்டிருந்தால் ஐந்தாறு கேள்வியில் இடம் தெரிந்திருக்கும். நான் வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போனேன். வொயிட்ஹவுஸ் ஒரு கேபிளைத்தான் கெடுத்தார். நான் எத்தனை பேரை அப்படிச் செய்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இவன் எப்படியோ தப்பித்து மேலே வந்துவிட்டான். தப்பிக்காதவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறார்களா என்று தெரியாது. படித்தால், தவறு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். பலர் அப்பா, அம்மா. ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நின்றால் குரலை உயர்த்துவதற்கு முன் ஒரு படி பின்னால் போய், அதுவரை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

கேபிளை இப்போது ஒரு பிவிசி பைப்புக்குள் விட்டிருக்கிறேன். குரங்குகள் நேற்று வந்து பைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

ஆசிகளுடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்
செஞ்சி